கொசுவலையில் ஒரு பட்டுப்புடவை: எச்டிஆர் படத்தின் கூர்மையும் சென்சார் பில்டரும்

சென்னை பெரும்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மாதிரி ஃப்ளாட்டைப் படம் எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. கதவோரம் ட்ரைபாடை நிறுத்தினால் பக்கவாட்டுச் சுவரில் ஜன்னல் சாய்வாகத் தெரியும். வெளியே பதினோரு மணி வெயில், உள்ளே அலமாரிப் பக்கம் அரையிருட்டு. ஒரே எக்ஸ்போஷரில், அதாவது ஒரே ஒளி அளவில் எடுத்தால், இரண்டும் வராது. வழக்கம்போல இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி) ஐந்து படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து அவற்றை எச்டிஆராக, அதாவது வெயிலும் இருட்டும் ஒன்றாகத் தெரியும் ஒரே படமாகச் சேர்த்து மறுநாள் காலையில் அனுப்பியும்விட்டேன்.

மதியம் அந்த ஃப்ளாட்டை விற்கும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், பெட்ரூம் ஜன்னல்ல பட்டுப்புடவை ஏதாச்சும் காயப்போட்டிருந்தாங்களா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலின் கிட்டத்து ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக, அகலமான வளைவுகளில், அலை அலையாக ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது. புடவை ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு அடித்திருந்த கொசுவலைதான் அது.

அந்த அலுவலகத்துக்காரர் தெரியாமலே சரியான பெயரைச் சொல்லியிருந்தார். இந்த அலைக்கோலத்தை மொய்ரே என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல். தண்ணீர்மேல் ஒளி நெளிவதுபோல மினுங்கும் ஒருவகைப் பட்டுத்துணிக்குத்தான் முதலில் அந்தப் பெயர்.

எனக்கு உறுத்தியது வேறு விஷயம். என் பழைய கேமராவில் இதே மாதிரி அறைகளை எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், ஜன்னலில் புடவை காய்ந்ததே இல்லை. புதிய கேமராவிலும் அதே 24 மெகாபிக்சல், ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரும் அதே ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு). ஒரே வித்தியாசம், இதில் சென்சாருக்கு முன்னால் ஒரு பில்டர் கிடையாது. பில்டர் இல்லாவிட்டால் படம் இன்னும் கூர்மையாக வரும் என்று நம்பித்தான் வாங்கினேன். வந்ததென்னவோ கூர்மையான புடவை.

பில்டர் என்றதும் லென்ஸுக்கு முன்னால் திருகி மாட்டும் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு அதைப்பற்றி இல்லை. கேமராவுக்குள், சென்சாரின்மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் பில்டர்களைப்பற்றி. அவை முக்கியமாக மூன்று. ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் ஒட்டியிருக்கும் நிறப் பில்டர் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வெட்டும் கண்ணாடி இன்னொன்று. மூன்றாவது, படத்தை வேண்டுமென்றே துளி மங்கலாக்குகிற பில்டர். மொய்ரேக்கு எதிரி இந்த மூன்றாவது ஆள்தான். அவரைப் புரிந்துகொள்ள முதல் ஆளிடமிருந்து தொடங்க வேண்டும்.

சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதனால் கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் என்பவர் ஒரு வழி சொன்னார், 1976இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. நாலு பிக்சல் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். இந்தச் சதுரத்தையே சென்சார் முழுக்கத் திரும்பத் திரும்ப அடுக்குவது. இன்றைக்குப் பெரும்பாலான கேமராக்கள் இந்த அடுக்கில்தான் ஓடுகின்றன. ஆக, 24 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தால் அதில் சிவப்பைப் பார்ப்பது 6, நீலத்தைப் பார்ப்பது 6, பச்சையைப் பார்ப்பது 12. மீதி நிறமெல்லாம் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் போடும் கணிப்பு. கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கொசுவலை வரும்போதுதான் தடுமாறும்.

ஏன் தடுமாறுகிறது? மின்சார ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். நடைமேம்பாலத்தின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு இருக்கும். ரயில் நகரும்போது அந்த இரண்டு தடுப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, கம்பிகளைவிடப் பலமடங்கு அகலமான கறுப்புப் பட்டைகள் ஓடுவதுபோலத் தெரியும். அங்கே அப்படி ஒரு பட்டையே கிடையாது. இரண்டு வரிசைகளின் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றாக இருந்து, துளி வித்தியாசப்பட்டால் பிறக்கிற மாயம் அது. கேமராவில் ஒரு வரிசை கொசுவலை, இன்னொரு வரிசை பிக்சல்கள். சிவப்பு, நீலப் பிக்சல்களின் வரிசை இன்னும் அகன்றது என்பதால் அவற்றின் மாயப்பட்டை தனி. மூன்று நிறத்துக்கும் பட்டைகள் வெவ்வேறு இடத்தில் விழும்போது நிறம் பிரிந்து, பட்டுப்புடவை ஆகிறது.

இதைத் தடுக்க ஒரே வழி, பிக்சலால் பிடிக்க முடியாத அளவுக்குப் பொடியான விவரத்தைச் சென்சாரில் விழுவதற்கு முன்பே கலைத்துவிடுவது. மங்கலாக்கும் பில்டரின் வேலை அதுதான். அதற்கான வழி மிக எளிது. பிளஸ் டூ இயற்பியலில் நிகோல் பட்டகம் படித்தவர்களுக்கு இரட்டை ஒளிவிலகல் ஞாபகம் இருக்கும். சில படிகங்கள் ஒரே கதிரை இரண்டாகப் பிரித்து அனுப்பும். குவார்ட்ஸ் அல்லது லித்தியம் நியோபேட் படிகத்தை மெல்லிய தகடாக அறுத்து வைத்தால், ஒரு புள்ளி ஒளி கிடைமட்டத்தில் இரண்டு புள்ளியாகும். அடுத்த தகடு அந்த இரண்டையும் செங்குத்தில் பிரித்து நாலு புள்ளியாக்கும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு பிக்சல் அகலம். ஒரே ஒரு பிக்சலில் விழ வேண்டிய ஒளி சுற்றியுள்ள நாலுக்கும் பங்கு போய்விடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

பங்கு போடுவதென்றால் கூர்மையில் கொஞ்சம் போகும் என்பது நிச்சயம். அதனால் இந்தப் பில்டருக்கு எப்போதுமே நல்ல பெயர் கிடையாது. நிக்கான் 2012இல் 36 மெகாபிக்சலில் டி800 கேமராவை இரண்டு வகையாகக் கொண்டுவந்தது. டி800இல் பில்டர் உண்டு. டி800இ என்பதில் முதல் தகடு பிரித்த ஒளியை இன்னொரு தகடு திரும்பச் சேர்த்துவிடும். பிரித்து, பின் சேர்த்து, அதற்கு 300 டாலர் கூடுதல் விலை! 'சும்மா கழற்றிவிட்டிருக்கலாமே' என்று தோன்றும். ஆனால் சென்சாருக்கு முன்னால் உள்ள கண்ணாடியின் தடிமன் மாறினால் லென்ஸின் ஃபோகஸ் விழும் இடமும் மாறும், அந்தக் கணக்கு அப்படி ஒன்றும் சின்னதில்லை. 2014இல் வந்த டி810இல் இந்தப் பில்டரையே எடுத்துவிட்டார்கள். 2015இல் கேனானும் 50 மெகாபிக்சல் 5டிஎஸ், 5டிஎஸ் ஆர் என்று அதே இரட்டை ஆட்டத்தை ஆடியது. அப்புறம் 'பில்டர் இல்லை' என்பதே விளம்பர வாசகம் ஆகிவிட்டது.

சரி, என் கொசுவலைக்கு வருவோம். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது.

கடையில் விற்கும் சாதாரண ஃபைபர் கொசுவலையில் ஒரு அங்குலத்துக்கு 16 முதல் 18 கண்கள் இருக்கும். அதாவது ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்கு ஏறக்குறைய 1.5 மில்லிமீட்டர். நான் போட்டிருந்தது 16 மில்லிமீட்டர் லென்ஸ். வலை 1 மீட்டர் தூரத்தில் இருந்தால் அந்த இடைவெளி சென்சாரில் 24 மைக்ரானாக (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விழும். 2 மீட்டரில் 12 மைக்ரான். 3 மீட்டரில் 8. 4 மீட்டரில் 6.

24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். இழை ஒன்று, கண் ஒன்று என்று தனித்தனியாகக் காட்ட ஒரு ஜோடிக்குக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். அது 12 மைக்ரான். ஆக, 2 மீட்டரைத் தாண்டினால் கேமராவால் அந்த வலையை உண்மையாகக் காட்டவே முடியாது, பொய்தான் சொல்லும். சிவப்பு, நீலப் பிக்சல்களோ 12 மைக்ரானுக்கு ஒன்று என்ற இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. வலையின் இடைவெளியும் 12 ஆகும்போது இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகி, மேம்பாலத்துக் கம்பிகளைப்போல அகலமான அலை பிறக்கிறது. அந்த அறையில் கதவோரத்திலிருந்து ஜன்னலின் கிட்டத்து ஓரம் எவ்வளவு தூரம்? ஏறக்குறைய 2 மீட்டர். புடவை காய்ந்தது சரியாக அங்கேதான். தூரத்து ஓரம் 3 மீட்டருக்கு மேல். அங்கே இடைவெளி 8 மைக்ரானுக்கு வந்துவிட்டதால் அலை பொடிப்பொடியாகிக் கண்ணுக்குத் தெரியவில்லை.

பழைய கேமரா எப்படித் தப்பித்தது? நாலு புள்ளிப் பில்டர் ஒளியைச் சரியாக ஒரு பிக்சல், அதாவது 6 மைக்ரான், தள்ளிப் பிரிக்கிறது என்று வையுங்கள். 12 மைக்ரான் இடைவெளி உள்ள கோலத்தை 6 மைக்ரான் தள்ளி அதன்மேலேயே வைத்தால் இழைமேல் கண்ணும், கண்மேல் இழையும் விழும். இரண்டும் கலந்து ஒரே சாம்பல். மிகவும் ஆபத்தான அந்த ஒரு இடைவெளியை மட்டும் பில்டர் துடைத்துவிடுகிறது. 8 மைக்ரான் கோலத்தில் பாதிக்குமேல் தப்பித்துப் போய்விடும். இந்தப் பில்டர் கோட்டைச் சுவர் இல்லை, வேலிப்படல்தான். இருந்தாலும் ஆடு எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கத்தை அடைத்திருக்கிறார்கள்.

சென்னையில் வீடுகளைப் படம் எடுப்பவருக்கு இது வெறும் கணக்குப் பாடம் இல்லை. இங்கே கொசுவலை இல்லாத ஜன்னலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படுக்கையறைகள் பெரும்பாலும் இதே அளவுதான். இந்த அறைகளுக்கு இதே மாதிரி அகலக்கோண லென்ஸைத்தான் போட முடியும். மூன்றும் சேர்ந்து நம்மைக் கொண்டுபோய் அந்த 12 மைக்ரான் பள்ளத்திலேயே தள்ளுகின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் ஒற்றைப் படத்துக்கும் பொருந்தும். எச்டிஆர் இதில் என்ன கூட்டுகிறது?

வெளியே உச்சி வெயிலில் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். படுக்கையறையின் உள்மூலையில் நூறு இருந்தாலே அதிகம். ஆயிரம் மடங்கு என்றால் பத்து ஸ்டாப். அதற்குமேல் வெள்ளைச் சுவருக்கும் கறுப்பு அலமாரிக்கும் உள்ள வித்தியாசம் வேறு தனி. அதனால்தான் ஐந்து படம். ஆனால் அந்த ஐந்திலும் ஜன்னல் உருப்படியாகப் பதிவாவது எத்தனையில்? இருட்டாக எடுத்த ஒன்றில் மட்டும், மிஞ்சிப்போனால் இரண்டில். மற்றவற்றில் ஜன்னல் வெறும் வெள்ளைத்தாள். அறையின் மற்ற பகுதிகளில் பல படங்கள் கலந்து ஒன்றின் குறையை ஒன்று மறைக்கும். ஜன்னலில் அந்தச் சலுகை கிடையாது. அந்த ஒரே படத்தில் மொய்ரே இருந்தால் முழுசாக அப்படியே வந்துசேரும்.

அடுத்து டோன் மேப்பிங். இவ்வளவு பெரிய வெளிச்ச வீச்சைத் திரைக்குள் அடக்க மென்பொருள் மொத்த வெளிச்ச வித்தியாசத்தைக் குறைக்கும். அப்படியே விட்டால் படம் சப்பென்று இருக்கும் என்பதால் பக்கத்துப் பக்கத்து இடங்களின் சின்ன வித்தியாசத்தைத் தூக்கிவிடும். அதற்கு மொய்ரே எது, சுவரின் சொரசொரப்பு எது என்று தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி தூக்கும். ஒற்றைப் படத்தில் கண்ணில் படாமல் போயிருக்கக்கூடிய லேசான நிற அலை, எச்டிஆரில் புடவை ஆவது இப்படித்தான்.

இது பில்டர் இல்லாததன் தண்டனை. பில்டர் இருந்தாலும் ஒரு தண்டனை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஜன்னல் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் உள்பக்கம் இருட்டு, அதன் வெளிச்சம் 1 என்று வைப்போம். ஒட்டியே பின்னால் வானம், அதன் வெளிச்சம் 1000. பில்டர் ஒளியைப் பங்கு போடும்போது கம்பியின் விளிம்பில் உள்ள பிக்சலுக்கு வானத்தின் கால் பங்கு போய்விடும். 1 ஆக இருக்க வேண்டிய பிக்சல் 250 ஆகிறது. சாதாரணப் படத்தில் வானம் வெளுத்துப்போயிருக்கும், கம்பி கறுப்பாக இருக்கும், நடுவில் ஒரு பிக்சல் எப்படி இருந்தால் யாருக்கு என்ன? எச்டிஆரிலோ கம்பியின் உள்பக்கத்தையும் வெளிச்சமாக்கிக் காட்டுகிறோம். 250 என்பது வானத்தைவிட இரண்டே ஸ்டாப் குறைவு. கம்பியைவிட எட்டு ஸ்டாப் அதிகம். அந்தப் பிக்சல் கம்பியோடு ஒட்டாமல் வானத்தோடு சேர்ந்துகொள்ளும். 3 மீட்டர் தூரத்தில் இருக்கும் 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, படத்தில் பத்துப் பன்னிரண்டு பிக்சல் அகலம்தான் இருக்கும். அதில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று போனால் கம்பி இளைத்துப்போகிறது. ஓரத்தில் வெளிறிய கோடு ஒன்றும் மிச்சமாகும். மென்பொருளில் கூர்மையைக் கூட்டினால், அதாவது ஷார்ப்பன் செய்தால், அந்தக் கோடுதான் முதலில் கூர்மையாகும், கம்பி இல்லை.

இந்தப் பழி முழுவதையும் பில்டர்மேல் போடுவது நியாயம் இல்லை. லென்ஸும் கசியவிடும். துவாரத்தைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவது ஒரு காரணம். வீட்டுக்குள் எடுக்கும்போது எஃப் 8, எஃப் 11 என்றுதான் வைப்போம் (எண் கூடக் கூடத் துவாரம் சின்னது). எஃப் 11இல் ஒரு புள்ளி ஒளி ஏறக்குறைய 15 மைக்ரான் வட்டமாகப் பரவுகிறது. இரண்டரைப் பிக்சல்! அந்த இடத்தில் 'பில்டர் இல்லாத கேமரா' என்று சொல்லிக்கொள்வதில் பெரிய அர்த்தம் இல்லை, லென்ஸின் துவாரமே பில்டர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. எஃப் 5.6இல் பாதிக்குமேல் தெரியும் அந்த 8 மைக்ரான் கொசுவலைக் கோலம், எஃப் 11இல் ஏழில் ஒரு பங்குக்குச் சுருங்கிவிடும். நான் அன்றைக்கு எஃப் 5.6இல் எடுத்திருந்தேன். லென்ஸ் அங்கேதான் மிகக் கூர்மை என்று யாரோ சொன்னதைக் கேட்டு.

இனிச் சொல்லப்போவதுதான் என்னை உண்மையில் கடுப்பேற்றியது.

ஐந்து படத்தை மென்பொருளில் போட்டதும் 'தானாகப் பொருத்து' என்ற ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் அடித்திருக்கும். ட்ரைபாடில்தான் எடுத்தோம் என்று நாமும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம். ஆனால் புதுக் கட்டடத்தில் மேல்மாடியில் எவராவது டிரில் போட்டுக்கொண்டிருப்பார், டைல்ஸ் தரையில் ட்ரைபாடின் கால் துளி நழுவும். இரண்டு படங்களுக்கு இடையே அரைப் பிக்சல் நகர்ந்திருந்தால் போதும், மென்பொருள் அதைச் சரிசெய்யக் கிளம்பிவிடும். அரைப் பிக்சல் நகர்த்துவது எப்படி? பாதிப் பிக்சல் என்று ஒன்று கிடையாதே. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் சராசரியை எடுக்க வேண்டியதுதான். கிடைமட்டத்தில் அரை, செங்குத்தில் அரை என்றால் நாலு பிக்சலின் சராசரி.

நாலு பிக்சலின் சராசரி! கழற்றிப் போட்ட நாலு புள்ளிப் பில்டர் செய்த வேலை அச்சு அசலாக இதுதான். காசு கொடுத்துக் கழற்றியதை மென்பொருள் ஒரு டிக்கில் திரும்ப மாட்டிவிடுகிறது. அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. கண்ணாடிப் பில்டர் சென்சாருக்கு முன்னால் மங்கலாக்கியது, அதனால் மொய்ரே பிறக்கவே இல்லை. மென்பொருள் சென்சாருக்குப் பின்னால் மங்கலாக்குகிறது. மொய்ரே பிறந்து, அகலமான அலையாகப் படத்தில் பதிந்த பிறகு நாலு பிக்சல் சராசரி அதை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. கொசு உள்ளே வந்த பிறகு ஜன்னலைச் சாத்திய கதை. கூர்மையும் போச்சு, புடவையும் மிச்சம்.

பெரும்பாலான மென்பொருள்கள் வெறும் சராசரியைவிட நல்ல கணக்குப் போடுகின்றன என்பது உண்மை, இழப்பு நான் சொன்னதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் இழப்பு இல்லாமல் அரைப் பிக்சல் நகர்த்த முடியாது. நடுவில் உள்ள படத்தை அடிப்படையாக வைத்து மற்றவற்றை நகர்த்துவதுதான் வழக்கம் என்பதால், ஜன்னலைத் தாங்கி நிற்கும் அந்த இருட்டுப் படம்தான் அதிகம் அடி வாங்கும்.

பில்டர் உள்ள கேமராவின் இழப்பு எனக்கு இப்போது பெரிதாகப் படுவதில்லை. அது எல்லாப் படத்திலும் ஒரே அளவு, ஒரே வடிவம். எவ்வளவு பரவியது என்று தெரிந்த மங்கலைச் சின்ன ஆரத்தில் ஷார்ப்பன் செய்து பெருமளவு மீட்டுவிடலாம். ஷார்ப்பன் செய்தால் நாய்ஸ் (படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள்) கூடும் என்பது வழக்கமான பயம். எச்டிஆரில் ஒவ்வொரு பகுதியும் அதற்கு ஏற்ற எக்ஸ்போஷரிலிருந்து வருவதால் நிழலில்கூட நாய்ஸ் குறைவு. ஆக, பில்டரின் மங்கலைத் தாங்கிக்கொள்ள எச்டிஆரைவிட நல்ல இடம் இல்லை. கம்பி விளிம்பை மட்டும் ஷார்ப்பனிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் பில்டரும் வந்திருக்கிறது. பெண்டாக்ஸ் 2013இல் கே-3 கேமராவில் கண்ணாடிப் பில்டரை எடுத்துவிட்டு, எக்ஸ்போஷர் நடக்கும்போது சென்சாரையே ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவில் நடுங்கவைத்து அதே விளைவைக் கொண்டுவந்தது. வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். சோனி 2015இல் ஆர்எக்ஸ்1ஆர் இரண்டாம் பதிப்பில் பில்டரின் பலத்தையே கூட்டிக் குறைக்கும்படி செய்தது. நல்ல யோசனைகள். அவை ஏன் எல்லாக் கேமராவிலும் பரவவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

'போனில் எடுத்தால் இந்தத் தொல்லை ஏன் இல்லை?' என்று என் உதவியாளத் தம்பி கேட்டான். போனில் இந்தப் படிகப் பில்டரே கிடையாது. 0.8 மைக்ரான் பிக்சல், எஃப் 1.8 லென்ஸ் என்றால் ஒரு புள்ளி ஒளி இயல்பாகவே மூன்று பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும். லென்ஸே பில்டர். இன்னொன்று, போன் ஒரு கிளிக்கில் பல படங்களை எடுத்துச் சேர்க்கிறது. கூகுள் 2018இல் பிக்சல் 3 போனில் இதைத் தலைகீழாகத் திருப்பியது. கை நடுக்கத்தால் ஒவ்வொரு படமும் துளித்துளி நகர்ந்திருக்கும் அல்லவா? ஒரு படத்தில் சிவப்புப் பிக்சல் பார்த்த இடத்தை அடுத்த படத்தில் பச்சை பார்த்திருக்கும். கணிப்பதற்குப் பதில் நிஜமாகவே மூன்று நிறமும் கிடைத்துவிடும். என் ஐந்து படத்தைக் கெடுத்த அதே அரைப் பிக்சல் நகர்வு, அங்கே மூலதனம். ஆனால் அவர்கள் சேர்ப்பது ஒரே மாதிரி எக்ஸ்போஷரில் எடுத்த பல படங்களை. நம் ஐந்தில் ஜன்னல் இருப்பது ஒன்றில்தான், அந்த வித்தை இங்கே பலிக்காது.

மீதி இரண்டு பில்டரையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அகச்சிவப்பை வெட்டும் கண்ணாடி சரியில்லை என்றால் நிறமும் கெடும், கூர்மையும் கெடும். அகச்சிவப்பு ஒளி லென்ஸில் வேறு இடத்தில் ஃபோகஸ் ஆவதால் நல்ல படத்தின்மேல் ஒரு மங்கல் படம் படியும். 2006இல் வந்த லைக்கா எம்8இல் இந்தக் கண்ணாடி பலவீனமாக இருந்ததால் செயற்கை இழைக் கறுப்புத் துணிகள் கத்தரிப்பூ நிறமாக வந்தன. லென்ஸுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளப் பில்டர் கொடுக்க வேண்டியதாயிற்று. நிறப் பில்டரையே தூக்கிவிட்டு, கறுப்பு வெள்ளை மட்டும் எடுக்கும் கேமராவை லைக்கா 2012இல் கொண்டுவந்தது. அதில் கணிப்பே இல்லை என்பதால் கூர்மையும் அதிகம், நிற மொய்ரேக்கு இடமும் இல்லை. ஃப்ளாட் விற்க ஆகாது.

லென்ஸுக்கு முன்னால் திருகும் பில்டரைப்பற்றி ஒரே வார்த்தை: எச்டிஆர் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். வெளிச்சமான படத்தில் ஜன்னல் ஒளி அந்தக் கண்ணாடிக்கும் சென்சார் கண்ணாடிக்கும் இடையே பட்டுப் பட்டுத் திரும்பி, ஜன்னலைச் சுற்றிப் புகைபோலப் படரும். டோன் மேப்பிங் அந்தப் புகையையும் தூக்கிக் காட்டும். சென்னையில் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. ஏசி அறையிலிருந்து பால்கனிக்குக் கேமராவைக் கொண்டுபோன மறுநிமிடம் கண்ணாடிமேல் நீராவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். பத்து நிமிடம் பையை மூடிவைத்துக் காத்திருப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பெரும்பாக்கம் படத்தை என்ன செய்தேன்? மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பப் போனேன். கொசுவலை வெல்க்ரோவில்தான் ஒட்டியிருந்தது, சர்ரென்று உரித்து மடித்து வைத்தேன். எஃப் 11. தானாகப் பொருத்தும் டிக்கை எடுத்துவிட்டேன். மேல்மாடி டிரில்காரர் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தேன். ஐந்து படம், முழங்காலுக்குக் கீழே ஆறு கடி. சேர்த்துப் பார்த்தால் கம்பி கம்பியாக இருந்தது, வெளியே தென்னை ஓலை ஓலையாக இருந்தது. அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன்.

போன் வந்தது.

"சார், படம் சூப்பர். ஆனா கொசுவலை எங்க? எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை ஃப்ரீன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கோமே!"

மூன்றாவது நாள் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு போனேன்.